மியூசியத்துல போய் எப்படிப் பாக்குறது: மருமகனை இழுத்துட்டு டெல்லி சுத்தின அனுபவம்

எங்க அப்பார்ட்மென்ட் மயூர் விஹார்ல இருக்கு, அதுல மூணாவது மாடில ஒரு வீட்டு வாசல்ல கோலம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், வருஷம் பூரா அதே தாமரை, ஓரம் உரிஞ்சு போய், மேல செருப்புத் தடம். அதுக்கு நேரா எதிர் வீட்டுல ஒரு அக்கா மார்கழி வந்துட்டா போதும், தண்ணி தொட்டா விரல் விறைச்சுப் போற டெல்லிக் குளிர்ல, ஸ்வெட்டருக்கு மேல சால்வையும் சுத்திக்கிட்டு குனிஞ்சு அரிசி மாவுல புள்ளி வச்சு சிக்குக் கோலம் போடுவாங்க. பத்து மணிக்குப் பெருக்க வர்ற பையா மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிடுவாரு, மறுநாள் மறுபடியும் போடுவாங்க.

ரெண்டும் கோலம்தான். சொல்லப்போனா ஸ்டிக்கர்ல கோடு இன்னும் நேரா, கலர் இன்னும் பளிச்னு இருக்கும். ஆனா ஸ்டிக்கர் சொல்றது ‘இது தமிழ் வீடு’ங்கிறது மட்டும்தான். மாவுக் கோலம் ‘இன்னைக்குக் காலைல இந்த வீட்ல ஒருத்தங்க எந்திரிச்சு, குனிஞ்சு, இதைப் போட்டாங்க’ன்னு சொல்லுது. இன்னொண்ணும் இருக்கு. வீட்ல துக்கம்னா கோலம் போட மாட்டோம், தெருவே அதைப் பாத்துப் புரிஞ்சுக்கும். ஸ்டிக்கரால அதைச் சொல்லவே முடியாது, ஏன்னா அது எப்பவும் இருக்கு. தினமும் அழியறதாலதான் மாவுக் கோலத்துக்கு அந்த வாய் இருக்கு.

இதை நான் சொன்னது எங்க அக்கா பையன்கிட்ட. கோயமுத்தூர்ல காலேஜ் மொத வருஷம் படிக்கிறான், லீவுக்கு வந்தவன். ஞாயித்துக்கிழமை மியூசியம் போலாம்டான்னதுக்கு ‘மாமா, எல்லாம் ஒடஞ்ச செலை, அத என்னத்த பாக்குறது’ன்னான். நியாயமான கேள்வி. நானும் டெல்லி வந்த புதுசுல அப்படித்தான், நேஷனல் மியூசியத்தை நாப்பது நிமிஷத்துல முடிச்சுட்டு வெளிய வந்து சோளே பட்டூரே சாப்ட்டவன். அப்புறம் பதினாலு வருஷமா போய்ப் போய் எனக்குன்னு ஒரு வழி வச்சிருக்கேன், அவனுக்குச் சொன்னதை இங்க எழுதுறேன், யாருக்காவது ஒதவட்டும். ஆர்ட் படிச்சவன் இல்ல நான், ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன், அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

மொத வேலை, போர்டைப் படிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். நம்மாளுங்க நேரா போய் போர்டைப் படிச்சு, ஒரு செகண்டு தலையத் தூக்கிப் பொருளைப் பாத்து, ‘ஓ’ன்னுட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. பேரு தெரிஞ்சதும் கண்ணு வேலையை நிறுத்திடும். ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. கண்ணுல படுறதை மட்டும், பாக்கத் தெரியாத ஆளுக்கு போன்ல சொல்ற மாதிரி மனசுக்குள்ள சொல்லுங்க, ‘ஒரு பொண்ணு நிக்குது, இடுப்புல கை, தலை லேசா பின்னாடி சாஞ்சிருக்கு’ அப்படி. அழகா இருக்கு, தெய்வீகமா இருக்கு, இதெல்லாம் இப்ப வேண்டாம்.

அடுத்து, இது எதுல செஞ்சது, எப்படிச் செஞ்சிருப்பாங்கன்னு கேளுங்க. கல்லுன்னா செதுக்கி எடுக்கணும், மெழுகுன்னா சேர்த்து வைக்கலாம், ஆயில் பெயிண்ட் காய நாளாகும் அதனால மெதுவா அழிச்சு அழிச்சுப் போடலாம், தண்ணி கலர் சட்டுனு காஞ்சிடும் கை தயங்கக் கூடாது. பொருள் என்ன விடும் என்ன விடாதுங்கிறது பாதிக் கதை.

மூணாவது, இதுதான் மெயின், நான் இதுக்கு ‘மாத்திப் பாரு’ன்னு பேர் வச்சிருக்கேன். இருக்கிறதுல ஒரே ஒரு விஷயத்தை மனசுக்குள்ள மாத்துங்க. கலரை மாத்து, சைஸை மாத்து, பொருளை மாத்து, கண்ணு பாக்குற திசையை மாத்து. மாத்தினா எது காணாமப் போச்சு? காணாமப் போனது எதுவோ அதைத்தான் அந்த ஸ்டைல் சொல்லிட்டு இருந்துச்சு. கோலத்துல மாவை எடுத்துட்டு பிளாஸ்டிக் வச்சோம்ல, அதே கணக்கு. இதெல்லாம் முடிஞ்சப்புறம் போர்டைப் படிங்க, அப்ப போர்டும் வேற மாதிரி தெரியும்.

சரி, போலாம். ஜன்பத்ல இருக்குற நேஷனல் மியூசியத்துக்கு மெட்ரோல சென்ட்ரல் செக்ரட்டேரியட்ல எறங்கி நடந்தா போதும். மொத்தத்தையும் பாக்கணும்னு நெனைக்காதீங்க, அது முடியாத காரியம், கால் வலிதான் மிஞ்சும். நாலு பொருள் போதும். மருமகனுக்கு நான் காட்டுனது மூணுதான்.

மொதல்ல ஹரப்பா காலரில அந்தச் சின்னப் பொண்ணு. மொகஞ்சதாரோல 1926ல கெடச்ச வெண்கலச் சிலை, ஸ்கூல் புக்ல எல்லாரும் பாத்திருப்போம், ஆனா புக்ல பெருசா போட்டுடுறாங்களா, நேர்ல போய்ப் பாத்தா பத்தரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். பையன் மொத ரியாக்‌ஷன் ‘மாமா இவ்ளோதானா!’ நான் சொன்னேன், இப்ப மாத்திப் பாரு, இவளை ஆறடி உசரத்துக்குக் கோயில் வாசல்ல நிக்க வை. ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு சொன்னான், ‘அப்ப தெய்வம் மாதிரி ஆயிடும், பயமா இருக்கும், இப்ப நம்ம தெருவுல நிக்கிற பொண்ணு மாதிரி இருக்கா’ன்னு. அவ்ளோதாங்க, இதுக்கு மேல ஒரு பேராசிரியர் என்ன சொல்லப் போறாரு.

அவ நிக்கிற விதத்தைப் பாருங்க. வலது கை இடுப்புல, இடது கை பூரா மேலேருந்து கீழ வரைக்கும் வளையல், ஒரு கால் மடங்கி, மோவாய் லேசா தூக்கி. உடம்பு வெயிட் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. ரெண்டு காலும் சமமா ஊனி, கை ரெண்டும் தொங்க நின்னிருந்தா அவ வெறும் பொம்மை. அந்தச் சாய்வுலதான் ‘என்ன இப்ப?’ங்கிற திமிரு வருது. தோண்டி எடுத்தவங்க ‘நாட்டியப் பெண்’ணுன்னு பேர் வச்சாங்க, ஆனா ஆடுற மாதிரி அவ எதுவும் பண்ணல, சும்மா நிக்கிறா. அந்தப் போர்டைப் படிச்சுட்டுப் பாக்குறவங்களுக்கு அவ ஆடுறா. அதுக்குத்தான் போர்டைக் கடைசில படிக்கச் சொன்னேன்.

இவளை வார்த்த முறை மெழுகு முறை. மெழுகுல உருவம் பண்ணி, மேல மண்ணு பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளிய எடுத்துட்டு, அந்தக் காலி எடத்துல உருக்கின உலோகத்தை ஊத்துறது. கிட்டத்தட்ட 4500 வருஷம் பழசு. இந்த வெவரத்தை மனசுல வச்சுக்கிட்டு சோழர் செப்புத் திருமேனிகள் இருக்குற எடத்துக்கு வாங்க, அங்க நடராஜர் நிக்கிறாரு, அதே மெழுகு முறைதான், நம்ம சுவாமிமலைல இன்னைக்கும் ஸ்தபதிங்க பண்றதும் அதேதான்: தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம், மேல காவேரி வண்டல் மண்ணு, உள்ள கெட்டியா ஊத்துற கனவார்ப்பு. அச்சை ஒடச்சாத்தான் சிலை வெளிய வரும், அதனால ஒரு அச்சுல ஒரு சாமிதான்.

இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்குங்க, நானும் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறேன்.

நடராஜரைக் கல்லுல செய்யணும்னா என்ன ஆகும்? ஒத்தக் காலு, தூக்கின காலு, விரிஞ்ச நாலு கை, பறக்குற சடை. கல்லுல இதை அப்படியே தனியா நிக்க வச்சா கை ஒடஞ்சு விழும். அதனாலதான் பழைய கோயில் கோஷ்டங்கள்ல (வெளிச்சுவத்து மாடங்கள்ல) இருக்குற கல் நடராஜர் எல்லாம் முதுகைச் சுவத்தோட ஒட்டிக்கிட்டு, புடைப்பா இருப்பாரு. ஆடுறாரு, ஆனா சுவத்தை விட்டு வரல. வெண்கலத்துல அவரைச் சுத்தி காத்து இருக்கு. கைக்கும் திருவாசிக்கும் (அவரைச் சுத்தி இருக்குற நெருப்பு வளையம்) நடுவுல இருக்குற அந்தக் காலி எடத்தைப் பாருங்க, அந்த எடம்தான் அசையுது, சிலை அசையாது. உலோகத்தோட பலம் இல்லாம அந்த ஆட்டம் வந்திருக்காது. ‘பிரபஞ்ச நடனம்’னு பெரிய பெரிய வார்த்தைல எழுதுறாங்கல்ல, அதெல்லாம் ஒத்தக் கால் மேல மொத்த வெயிட்டையும் நிறுத்த முடிஞ்ச பட்டறைலேருந்து ஆரம்பிக்குது.

அடுத்து மொகம். உடம்பு இவ்ளோ வேகமா சுத்துது, சடை ரெண்டு பக்கமும் விரிஞ்சு பறக்குது, மொகத்துல ஒரு பதட்டமும் இல்ல, தூங்கப் போற மாதிரி இருக்கு. மாத்திப் பாருங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு கண்ணை உருட்டுற மொகத்தை வைங்க. அப்ப அது கோவத்துல ஆடுற ஒரு ஆளு. சடையைக் கீழ எறக்கி முடிச்சுப் போட்டுடுங்க, அப்ப அது அமைதியா ஒத்தக் கால்ல நிக்கிற யோகி. ரெண்டையும் சேத்து வச்சதால வர்ற அர்த்தம் ரெண்டுலயும் தனியா இல்ல.

இப்ப பின்னாடி போங்க. முடிஞ்சா சுத்தி வாங்க, கண்ணாடிப் பெட்டின்னா பக்கவாட்டுல எட்டிப் பாருங்க (செக்யூரிட்டி ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல). முதுகு, இடுப்பு மடிப்பு, சடையோட பின்பக்கம், எல்லாம் முன்பக்கம் அளவுக்கு வேலைப்பாடா இருக்கும். ஏன்? இது உற்சவ மூர்த்தி. பீடத்துல கழி கோக்குறதுக்கு ஓட்டையோ வளையமோ இருக்கும், தோள்ல தூக்கிக்கிட்டு வீதி உலா போவாங்க. சாமி கடந்து போனப்புறம் தெருவுல நிக்கிறவன் பாக்குறது முதுகைத்தானே. கடைசியா நிக்கிறவனுக்கும் தரிசனம் உண்டுன்னு அந்த முதுகு வேலைப்பாடு சொல்லுது.

இதுல இன்னொரு வேடிக்கை. கோயில்ல நீங்க இந்த உடம்பைப் பாத்திருக்கவே மாட்டீங்க. பட்டு, மாலை, நகைன்னு மூடிடுவாங்க, மொகமும் கையும் பாதமும்தான் தெரியும். ஸ்தபதி இவ்ளோ கஷ்டப்பட்டு பண்ணின இடுப்பும் முதுகும் அபிஷேகம் நடக்குறப்ப கொஞ்ச நேரம் தெரியும், அப்புறம் துணிக்குள்ள போயிடும். மியூசியத்துல தலைகீழ், துணி இல்ல, பூ இல்ல, விளக்கு இல்ல, உடம்பு மட்டும். அதே சிலை, வைக்கிற விதம் மாறினதால அங்க சாமி, இங்க சிற்பம். டெல்லிலயே இதுக்கு இன்னொரு சாட்சி இருக்கு, பிரகதி மைதான்ல பாரத் மண்டபம் முன்னாடி 2023ல ஜி20க்காக வச்ச நடராஜர், 27 அடி, சுமார் 18 டன், சுவாமிமலை ஸ்தபதிங்க அதே மெழுகு முறைல பண்ணது. அங்க போய் நின்னீங்கன்னா தூக்கின பாதத்தை அண்ணாந்து பாக்கணும், மொகம் எங்கயோ மேல இருக்கு. தோள்ல தூக்குற சாமிய நாம கிட்டத்துல நின்னு கண்ணுக்குக் கண்ணு பாக்கலாம், 27 அடி சாமி நம்மளைப் பாக்காது, ஊரைப் பாக்கும். அளவு ஒண்ணை மாத்தினதுக்கே இவ்ளோ.

ஒரு எச்சரிக்கையும் இங்கயே சொல்லிடுறேன். எல்லாத்தையும் ஸ்டைல்னு எடுத்துக்காதீங்க. சில செப்புத் திருமேனில மூக்கும் உதடும் மழுங்கி ரொம்ப மென்மையா இருக்கும், ‘ஆஹா என்ன ஒரு சாந்தம்’னு நானே ஒரு நண்பர்கிட்ட லெக்சர் அடிச்சிருக்கேன், அப்புறம்தான் தெரிஞ்சுது பல நூறு வருஷமா அபிஷேகம் பண்ணித் தேய்ச்சதுல தேஞ்சதும் அதுல உண்டுன்னு. மொகஞ்சதாரோ பொண்ணுக்குப் பாதம் இல்லாதது ஒடஞ்சு போனதால, அதுல தத்துவம் ஒண்ணும் கெடையாது. கலைஞன் பண்ணது எது, காலம் பண்ணது எதுன்னு பிரிச்சுக்கணும். ஆனா காலம் பண்ணதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு, தொட்டுத் தொட்டுத் தேஞ்ச மூக்கு பக்தியோட தடம். அது ஸ்தபதியோட கணக்குல வராது, அவ்ளோதான்.

மூணாவது தஞ்சாவூர் ஓவியங்கள். இதுக்கு நம்ம வீட்டு அனுபவமே போதும். பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவைல புடைப்பு பண்ணி, கல்லு பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டி, அப்புறம் கலர். கிருஷ்ணரு குண்டு குண்டுன்னு பெருசா நடுவுல, பக்கத்துல நிக்கிற பெரியவங்க சின்னதா. நிழலே கெடையாது. இதைப் பாத்துட்டு ‘அந்தக் காலத்து ஆளுங்களுக்கு வரையத் தெரியல’ன்னு சொல்றவங்க நிறைய, எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் சொன்னாரு. தெரியாம இல்லீங்க. நிழல் விழணும்னா வெளிச்சம் ஒரு பக்கத்துலேருந்து வரணும், அப்ப அது காலைலயோ சாயங்காலமோ, ஒரு நேரம் வந்துடும், ஒரு எடம் வந்துடும். நிழலை எடுத்துட்டா நேரமும் போச்சு. கிருஷ்ணர் எப்பவும் இருக்காரு, உங்களை நேரா பாத்துட்டு இருக்காரு.

இதே சாமிங்களை ரவி வர்மா, 1848ல பொறந்து 1906ல போனவரு, ஐரோப்பா ஆயில் பெயிண்டிங் முறைல போட்டாரு. ஒரு பக்கத்துலேருந்து வெளிச்சம், பட்டுப் புடவைல மடிப்பு மடிப்பா நிழல், கையில சதை. 1894ல அச்சகமே ஆரம்பிச்சு அந்தப் படங்களை ஊரு பூரா அனுப்பிட்டாரு, நம்ம தாத்தா பாட்டி பூஜை ரூம் காலண்டர் எல்லாம் அந்த வம்சம். லட்சுமி எதிர் வீட்டு அக்கா மாதிரி ஆயிட்டாங்க. கோயிலுக்குள்ள விடாத ஜனங்க வீட்டுக்கும் சாமி நடந்து வந்துச்சுன்னு இதைப் பாராட்டலாம், எனக்கு அதுல மரியாதை உண்டு. அதே சமயம் ஒரு வருத்தமும் உண்டு, அவரு குடுத்த மொகத்துக்கப்புறம் வேற மொகத்தை நம்மளால கற்பனையே பண்ண முடியல, எல்லா தேவியும் ஒரே சாயல், ஒரே செவப்பு.

தஞ்சாவூர் படம் வீட்ல இருக்குறவங்க இன்னைக்கு ராத்திரியே இதைப் பண்ணிப் பாருங்க: டியூப்லைட்டை அணைச்சுட்டு ஒரு அகல் மட்டும் ஏத்துங்க. சுடர் ஆட ஆட தங்கம் மினுக்கும், கலர் எல்லாம் பின்னாடி போயிடும், புடைப்பு முன்னாடி வரும். அந்தப் படம் அந்த வெளிச்சத்துக்குப் பண்ணது. மியூசியம் லைட்ல அது பாவம், மேக்கப் போட்டுட்டு வெயில்ல நிக்கிற மாதிரி நிக்குது.

மத்தியானம் ஏதாவது சாப்ட்டுட்டு இந்தியா கேட் பக்கம் ஜெய்ப்பூர் ஹவுஸுக்கு வாங்க, நேஷனல் காலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட், 1954லேருந்து இருக்கு. எல்லாப் படமும் எப்பவும் மாட்டியிருக்க மாட்டாங்க, மாத்தி மாத்தி வைப்பாங்க, அதனால ‘அந்தப் படம் எங்க’ன்னு அடம் புடிக்காம இருக்குறதைப் பாருங்க. ஆனா ஓவியர் அம்ரிதா ஷெர்கில் கலெக்‌ஷன் இங்கதான் பெருசு, அதுக்காகவே வரலாம்.

ஏன் அவங்கன்னா, ஒரே கை ரெண்டு விதமா வரஞ்சதை அடுத்தடுத்துப் பாக்கலாம், மாத்திப் பாருங்கிற வேலைய அவங்களே செஞ்சு குடுத்துட்டாங்க. 1913ல புடாபெஸ்ட்ல பொறந்து, பாரிஸ்ல படிச்சு, 1941ல லாகூர்ல இருபத்தெட்டு வயசுல போயிட்டாங்க. பாரிஸ்ல 1932ல வரஞ்ச ‘இளம் பெண்கள்’ படத்துல ரெண்டு பொண்ணுங்க ரூம்ல உக்காந்திருக்காங்க, ஒருத்தியோட மொகத்தை முடி மறைக்குது, தோள்ல வெளிச்சம் விழுது, துணி மடிப்பு, ரூமோட ஆழம் எல்லாம் இருக்கு. அடுத்த வருஷம் பாரிஸ்ல பெரிய கண்காட்சில தங்கப் பதக்கமே கெடச்சுது. அந்த டெக்னிக்ல நம்மளை ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுறாங்க, அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல என்னமோ இருக்கு, நாம ஒட்டுக் கேக்குற மாதிரி ஒரு கூச்சம்.

இந்தியா வந்தப்புறம் 1935ல ‘மூன்று பெண்கள்’. ரூமே இல்ல. பின்னாடி வெறும் கலர். மூணு பேரும் ஒட்டி ஒட்டி உக்காந்திருக்காங்க, ஒருத்தியும் இன்னொருத்தியைப் பாக்கல, நம்மளையும் பாக்கல. பையன்கிட்ட சொன்னேன், பின்னாடி ஒரு ஜன்னல் வை, ஒரு அடுப்பு வை, ஒருத்தியைச் சிரிக்க வை. ‘அப்ப கல்யாண வீட்டு போட்டோ மாமா’ன்னான். கரெக்ட். ஜன்னல் இல்லாததாலதான் அவங்களுக்குப் போக எடம் இல்ல. சோகம்னு எங்கயும் எழுதல, கண்ணீர் ஒரு சொட்டு இல்ல, அந்த வெறும் சுவரு சொல்லுது.

அப்புறம் அவங்க அஜந்தா, கொச்சி மட்டாஞ்சேரி எல்லாம் பாத்துட்டுத் தெக்க சுத்திட்டு வந்து 1937ல மூணு பெரிய படம் போட்டாங்க, மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போற தென்னிந்திய ஜனங்க. நம்ம ஊரு ஆளுங்க டெல்லி சுவத்துல தொங்குறதைப் பாத்தா எனக்கு இன்னமும் ஒரு மாதிரி இருக்கும். பிரம்மச்சாரிகள் படத்துல பூணூலும் வெள்ளை வேட்டியுமா பையனுங்க உக்காந்திருக்காங்க. பாரிஸ் வெளிச்சம் போச்சு, கோடு தட்டையா, அஜந்தா சுவர்ல இருக்குற மாதிரி அமைதியா ஆயிடுச்சு. மருமகன் அதைப் பாத்துட்டு ‘யாருமே ஒண்ணும் பண்ணலையே மாமா, சும்மா உக்காந்திருக்காங்க’ன்னான். ஆமாடா, பாரிஸ் முறைல போட்டிருந்தா ‘இந்தப் பையன் யாரு, என்ன நெனைக்கிறான்’னு கேப்போம். இப்ப தனித்தனிப் பையன் இல்ல, ஒரு வழக்கம் உக்காந்திருக்கு. நாடு ஒண்ணை அவங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கங்கிறது அந்தத் தட்டைக் கோட்டுல இருக்கு. அது சரியான புரிதலான்னு சண்டை போடலாம், நான் போடுவேன், வெளிலேருந்து பாக்குறவங்களுக்குத்தான் நம்மாளுங்க இவ்ளோ அமைதியாத் தெரிவாங்க, எங்க ஊரு சந்தைல நின்னு பாத்தா தெரியும் சத்தம்.

ஓவியர் நந்தலால் போஸோட ஹரிபுரா போஸ்டர்கள் மாட்டியிருந்தா விட்டுடாதீங்க. 1938ல குஜராத்ல ஹரிபுராங்கிற ஊருல காங்கிரஸ் மாநாடு, காந்தி கேட்டுக்கிட்டதுக்காக கிராமத்து ஜனங்க வாழ்க்கைய வரஞ்சது. தாள்ல, தடிச்ச கோட்டுல, நாலஞ்சு கலர்ல, பட்டு பட்டுனு. நடந்து போற விவசாயி நடந்துக்கிட்டே பாக்கணும், அதுக்கான கோடு அது. இதையே பட்டுத்துணில பொடிப்பொடியா நகாசு வேலையா பண்ணியிருந்தா கையில பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டுப் பாக்குற பணக்காரனுக்குத்தான் ஆயிருக்கும். யாருக்குங்கிறது கோட்டோட தடிமன்லயே இருக்கு. ஜாமினி ராயும் கிட்டத்தட்ட அப்படித்தான், கல்கத்தா ஆர்ட் ஸ்கூல்ல ஐரோப்பிய முறை கத்துக்கிட்டு அதுல போர்ட்ரெய்ட் போட்டு சம்பாதிச்சவரு, அதை விட்டுட்டு வங்காள கிராமத்துல படம் வரையுற ஆளுங்க பண்ற மாதிரி பெரிய கண்ணு, ஒரே இழுப்புக் கோடு, கடையில வாங்காத கலர்னு போயிட்டாரு. தெரிஞ்சதை விடுறதும் ஒரு டெக்னிக்தான்.

படத்துக்கு மட்டும்தான் இதுன்னு நெனைக்காதீங்க, பாட்டுக்கும் ஓடும். நம்ம கல்யாணியும் இங்க இருக்குறவங்க பாடுற யமனும் ஸ்வரக் கணக்குல ஏறக்குறைய ஒண்ணுதான். எங்க பக்கத்து வீட்டு பஞ்சாபி அங்கிள் சாயங்காலம் யமன் போட்டுடுவாரு, ஒரு ஸ்வரத்துல போய் நின்னு, அதை நீளமா புடிச்சு, மெதுவா அடுத்ததுக்குப் போகும், வெளக்கேத்துற நேரம் அப்படியே நிக்கும். நான் கல்யாணி போடுவேன், ஸ்வரம் ஒவ்வொண்ணும் கமகத்துல அசைஞ்சுக்கிட்டே இருக்கும், கூடவே மிருதங்கம் தள்ளும், வீட்ல விசேஷம் மாதிரி ஆயிடும். ஒரே ஏணி, ஏறுற விதம் வேற. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, ராகம் தெரியலைன்னாலும் பரவால்ல, உக்காரத் தோணுதா எந்திரிக்கத் தோணுதான்னு உடம்பைக் கேளுங்க.

இனி வீட்டுப்பாடம், ஒண்ணே ஒண்ணு. பாத்துக்கிட்டே இருந்தா பாதிதான் வரும், கையால செஞ்சாத்தான் மீதி. ஆர்.கே. புரம் மலை மந்திர் போறப்ப கீழ பூ விக்கிறவங்களைப் பாப்பீங்கல்ல, அவங்ககிட்ட மொதல்ல கேட்டுட்டு (கேக்காம எடுக்காதீங்க, கேவலம்) மூணு போட்டோ எடுங்க. நின்னுக்கிட்டே மேலேருந்து ஒண்ணு. அவங்க எதிர்ல தரைல உக்காந்து கண்ணு மட்டத்துல ஒண்ணு. மூணாவது மொகமே இல்லாம, பூ தொடுக்குற விரல் மட்டும். ஃபில்டர் எதுவும் போடாதீங்க. மூணையும் வீட்ல ஒரு ஆள்கிட்ட தனித்தனியா காட்டி ‘இவங்க யாரு?’ன்னு மட்டும் கேளுங்க. மருமகன் எடுத்ததை என் வீட்டுக்காரிகிட்ட காட்டினான். மேலேருந்து எடுத்ததுக்கு ‘பாவம், இந்தக் குளிர்ல’ன்னா. உக்காந்து எடுத்ததுக்கு ‘யாருடா இது, நம்ம சொந்தமா?’ன்னா. விரலுக்கு ‘எவ்ளோ வேகம் பாரேன்’னா. அதே அம்மா, அதே அஞ்சு நிமிஷம். பையன் கொஞ்ச நேரம் போனையே பாத்துட்டு இருந்தான். நான் ஒண்ணும் சொல்லல.

சமையல்கட்டுல அம்மா காபி ஆத்துறதை வீடியோவா எடுத்தும் இதைப் பண்ணலாம், ஒரு தடவை வெட்டே இல்லாம முழுசா, ஒரு தடவை ரெண்டு ரெண்டு செகண்டா துண்டு போட்டு. மொதலாவதுல அம்மாவோட காலைப்பொழுது தெரியும், ரெண்டாவது காபித்தூள் விளம்பரம்.

சந்தேகம் ஒண்ணு அடிக்கடி கேக்குறாங்க, ‘இதெல்லாம் அந்தக் கலைஞர் நெனச்சே பண்ணியிருப்பாரா, நீங்களா கதை விடுறீங்களா’ன்னு. சிலது நெனச்சுப் பண்ணியிருப்பாங்க, சிலது கைப்பழக்கம், சிலது வாத்தியார் சொன்னது, சிலது காசு இல்லாததால கெடச்ச கலர். எதிர் வீட்டு அக்காகிட்ட ‘ஏங்க்கா மாவுல போடுறீங்க’ன்னு கேட்டேன், ‘எங்கம்மா போட்டாங்க, நானும் போடுறேன், எறும்பு திங்கட்டும்’னாங்க. அழியறதுதான் அர்த்தம்னு நான் மேல எழுதினதை அவங்க சொல்லவே இல்ல. அதுக்காக அது கோலத்துல இல்லைன்னு ஆயிடுமா? நான் பாக்குற கணக்கு இதுதான்: நீங்க சொல்ற அர்த்தத்துக்குப் பொருள்லயே கை வச்சுக் காட்ட ஒரு எடம் இருக்கணும், இந்தக் கோடு, இந்தக் காலி எடம், இந்த முதுகுன்னு. காட்ட முடிஞ்சா பேசுங்க. முடியலைன்னா அது உங்க மனசுல இருந்தது, அதுவும் தப்பில்ல, ஆனா படத்து மேல பழி போடாதீங்க.

மருமகன் ஊருக்குப் போறதுக்கு மொத நாள் அந்த நடராஜரோட முதுகை இன்னொரு தடவை பாக்கணும்னு தனியா கெளம்பிப் போயிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பி வந்தான், கேட்டு மூடியிருந்துச்சாம். திங்கக்கிழமை ரெண்டு எடமும் லீவு, அவன்கிட்ட சொல்ல மறந்துட்டேன், நீங்களாவது பாத்துப் போங்க.